இலக்கம் அழிந்த தாங்கி

கச்சேரிக்கு இடம் பார்க்கிறவன் நான்.
காதால் அல்ல.
இரண்டு போன், மூன்று சிம், ஒரு பவர் பேங்க்.
றினோஸின் ஓட்டோவில் பின்னால் இருந்து
ஊரின் அப்லோட் வேகத்தை அளந்துகொண்டு போவேன்.

உப்புவெளிச் சந்தியில் பதினொன்று.
டொக்யார்ட் வீதி வளைவில் ஆறு, மழையென்றால் நான்கு.
டச்பே மணலில் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு
எல்லோரும் கடலைப் படம்பிடித்து அனுப்புவதால்
ஒன்றரை.
இறக்கக்கண்டிப் பாலம் தாண்டினால்
வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.
"கிணத்துக் கப்பி சுத்துது,
தண்ணிதான் வருதில்ல" என்பான் றினோஸ்.

சல்லியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்,
எங்கட கரையில ஏன் வைக்கிறீங்களில்லை?
காற்று கூட, மைக் இரையும் என்று சொன்னேன்.
ஒன்பது புள்ளி நான்கு என்று சொல்லவில்லை.

பத்துக்குக் கீழே பாட்டு இல்லை.
இது நான் போட்ட சட்டமல்ல.
மார்க்கத்தில் பனிக்குள் இருந்து
டிக்கெட் வாங்குகிற எழுநூறு பேர் போட்டது.
இங்கே கதிரைக்கு வருகிறவர்கள் எண்பது,
அதில் முப்பது பேர் வாத்தியக்காரரின் சொந்தம்.
ட்ரம்ஸ் வாடகை, ஜெனரேட்டர் டீசல்,
மட்டக்களப்பிலிருந்து வரும் வயலினுக்கு பஸ் காசு,
எல்லாம் அந்த எழுநூறு.
படம் உறைந்தால் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.
ஒருமுறை கேட்டார்கள்.
சுகிர்தாவின் வாய் ஆவென்று திறந்தபடி
பன்னிரண்டு நிமிடம் நின்றதாம்.

அந்தச் சுகிர்தாவுக்குத்தான் ஒரு ஆசை:
சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கி
ஒன்றுக்குள் நின்று பாட வேண்டும்.
பாட்டுக் கச்சேரிக்காக
அரசாங்கக் கச்சேரியில் ஐந்து மாதம் ஏறி இறங்கி
ஒரு கடிதம் வாங்கினோம்.
காவலாளி வெளியே நின்று பீடி பற்றவைத்தார்.
உள்ளே துருவும் வௌவால் எச்சமும்.
அவள் ஒரு சட்ஜம் வைத்தாள்.
வைத்துவிட்டு வாயை மூடினாள்.
அது மூடவில்லை.
சுவரைச் சுற்றிப் போய்
றினோஸின் முதுகுப் பக்கமாக வந்து
ஓட்டை விழுந்த கூரைவரை ஏறி
இறங்கும்போது
அடுத்த சுரத்தை வைத்தாள்.
இரண்டும் எங்கள் தலைக்கு மேலே சந்தித்துக்கொண்டன.
நான் எண்ணினேன்: பத்தொன்பது செக்கன்.

பிறகுதான் போனைப் பார்த்தேன்.
பாட்டை வெளியே விடாத அந்த இரும்பு
வேறெதையும் உள்ளே விடவுமில்லை.
பூச்சியம்கூட இல்லை,
பூச்சியம் என்று சொல்லவாவது
எங்கோ ஒரு தொடர்பு வேண்டுமே.
"கேபிள் இழுத்தா?"
வீதியிலிருந்து இரண்டு கிலோமீற்றர். விலை சொன்னேன்.
உள்ளங்கைத் துருவை கைக்குட்டையில் துடைத்தாள்.
"சரி. எங்க நல்லாப் பிடிக்குது?"

கண்டி வீதியில்
செல்லத்தம்பி ஹார்ட்வெயார் பின்வளவு.
மதிலுக்கு அந்தப் பக்கம் ரவர். இருபத்திரண்டு.
சீமெந்து மூட்டைகளுக்கு முன்னால்
கறுப்புத் துணி கட்டினோம்.
ஒவ்வொரு அடியும் தகரத்தில் பட்டு
கல்லெறிபோலச் சிதறியது.
மான் ஒன்று கேற்றுக்குள் தலையை நீட்டி,
அறிவிப்பாளர் தொண்டையைச் செருமியதும் திரும்பிப் போனது.
எழுநூற்றுப் பதினாறு பேர். ஒருக்காலும் உறையவில்லை.
தயாபரன் அண்ணை அன்றிரவே காசு போட்டார்.
சத்தம் திறம், கோயில் மண்டபமோ என்றார்.
எதிரொலியை நாங்கள்
லப்டொப்பில் சேர்த்துத்தான் அனுப்பினோம்,
மூன்று செக்கன்.
'ஹோல், பெரியது' என்று அந்தப் பொத்தானுக்குப் பெயர்.

கொப்பியில் தாங்கிக்கான வரி
இன்னும் வெட்டப்படவில்லை.
இடம் இருக்கிறது, திகதி இருக்கிறது.
வேகம் என்ற கட்டத்தில்
பத்தொன்பது என்று போட்டிருக்கிறேன்.
றினோஸ் எட்டிப் பார்த்தான்.
"பத்துக்கு மேலதானே," என்றான்,
"பிறகென்ன?"